நாற்பத்து மூணு தலை

அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.
ஜெயித்தது நாங்கள்.
சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்த சிமெண்ட் தரையில்
கடைசி மூணு பாயிண்ட் விழுந்தபோது
சத்தமே இல்லை.
வலை இருந்தால்தானே அந்தச் 'சர்க்'.
வெறும் வளையம். காற்றுக்குள் போய்
காற்றிலிருந்து வந்தது பந்து.
விழுந்ததா என்று
நடுவரின் கையைத்தான் பார்த்தோம்.

அத்தோ கடையில் தட்டு வருவதற்குள்
கஜபதி கணக்கை ஆரம்பித்துவிட்டான்.
"மூவாயிரம் பேர் படிக்கிற காலேஜு.
வந்தது நாப்பத்து மூணு தலை.
நானே எண்ணேன், வாட்ச்மேனையும் சேத்து."
"அவர எதுக்கு எண்ற?
அவரு கேட்டு பூட்டக் காத்துனு இருந்தாரு"
என்றாள் ரெபேக்காள்.
"செரி. நாப்பத்து ரெண்டு."

எதிர் டீம் தெற்கிலிருந்து
ரெண்டு பஸ் நிறைய வந்திருந்தது, மேளத்தோடு.
எங்கள் கோர்ட்டில் எங்கள் பையன்
ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போதெல்லாம்
அந்த மேளம்
அவன் முழங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தது.
நாங்கள் கத்தினோம்.
நாற்பத்திரண்டு தொண்டை
மேளத்துக்கு என்ன செய்யும்?

"போன வருசம் சமோசா குடுத்தாங்களே,
நூத்தம்பது பேரு வந்தான்."
"சமோசா தீந்ததும் பாதி ஆட்டத்துலயே போய்ட்டான்."
நசீமா சிரிக்காமல் சொன்னாள்:
"எங்க கிளாஸ்ல பாதிப் பேரு மூணு மணிக்குமேல
கண்டெய்னர் யார்டுல சீட்டு எழுதப் போறாங்க.
மணலி பஸ்ஸு ஆறுக்கு அப்புறம்
எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாது.
மேட்ச் பாக்க நின்னேன்னு வீட்ல சொன்னா
நம்புவாங்களா?"

"கொருக்குப்பேட்டை கேட்டு வேற" என்றான் யாரோ.
"பத்துப் பேரு கேட்டுல நின்னுகினு
எனுக்கு ஸ்கோர் கேட்டு மெசேஜ் பண்ணாங்க.
டேங்கர் வண்டி நவுரவே இல்ல."

அப்போதுதான் டேவிட்சன் வந்தான்.
இருபத்தேழு பாயிண்ட் போட்டவன்.
முட்டி உரிந்து, முடியில் சிமெண்ட் தூசி.
எல்லோரும் எழுந்து கத்த
பக்கத்து மேஜைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.
டேவிட்சன் உட்கார்ந்து
வாழைத்தண்டு சூப்பை ஒரே மூச்சில் குடித்தான்.
"டிபார்ட்மெண்ட்ல லிஸ்ட் ஒட்டிட்டாங்க.
என் அட்டெண்டன்ஸ் அறுபத்தி ரெண்டு.
நம்ம ஸ்கோர விட ஒண்ணு ஜாஸ்தி."
எழுபத்தைந்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை.
யாரும் பேசவில்லை.
கல்லில் நூடுல்ஸ் மட்டும் இரைந்தது.

அவனே பேச்சை மாற்றினான்.
"அந்த வண்டிய நீங்க பாக்கலியா?"
எந்த வண்டி?
"சிக்னல் இல்லாம நின்னுச்சே, டேங்கர் வண்டி.
சுவத்துக்கு அந்தாண்ட.
டிரைவர் ஜன்னல்ல கையக் குத்தி
ரெண்டாவது பாதி பூரா பாத்தாரு.
கடைசி பால் விழுந்ததும் ஹாரன் அடிச்சாரே."

அடித்தது உண்மை. நீளமாக.
சிக்னல் விழுந்தது என்று நினைத்தேன்.
வளையத்துக்கு இல்லாத சத்தம்
அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

"அப்ப நாப்பத்து மூணு" என்றான் கஜபதி.
"அவரு ஸ்டூடண்டா இன்னா?"
"அவரால பத்து ஸ்டூடண்டு கேட்டுல நின்னான்டா!"
மறுபடி சண்டை.
வலைக்கு நூற்றெண்பது ரூபாய் என்றாள் நசீமா,
விசாரித்து வைத்திருக்கிறாள்.
தலைக்கு எவ்வளவு என்று வகுக்கப் போய்
எத்தனை தலை என்பதில் திரும்பவும் நின்றது.

அந்தக் கணக்கில் நானும் ஒரு தலை.
கஜபதிக்குத் தெரியாது,
நான் மேட்ச் பார்க்க வரவில்லை.
ஸ்கோர் மேஜைக்குக் கீழே ஒரு பிளக் உண்டு.
போனில் நாலு சதவீதம் இருந்தது.
அவ்வளவுதான்.
ஆட்டம் முடிந்து குனிந்து எடுத்தபோது
அது எப்போதோ நிரம்பி
சூடாகக் கிடந்தது.
வியாழக்கிழமை அடுத்த மேட்ச்.
இந்த முறை முழு சார்ஜோடு போவேன்.