என் பங்குக் கரை

தூத்துக்குடியில் கப்பல் கட்டியதும்
முப்பத்தெட்டுத் தலை எண்ணி பஸ்ஸில் ஏற்றினேன்.
எட்டயபுரம் வருவதற்குள் 'வணக்கம்' பழக்கியாயிற்று,
அருப்புக்கோட்டையில் கழிப்பறை,
பத்தரைக்கு மதுரை.
இரவு ஏழுக்குக் கிளம்பும் கப்பல்
யாருக்காகவும் நிற்காது.

கம்பெனி கொடுத்த தாளில் அடிக்கோடிட்ட வரி:
வெள்ளம் வடிந்த தெருக்கள் பக்கம் வண்டி போக வேண்டாம்,
விருந்தினர் மனம் சங்கடப்படும்.
அதற்கு அடுத்த வரி:
உங்கள் வருகையால்தான் இந்த ஊர்கள் எழுந்து நிற்கின்றன
என்று மறக்காமல் சொல்லவும்.

சொன்னேன்.
கைதட்டினார்கள்.
வெள்ளத்துக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று
எனக்குத் தெரியும்.
பதினோரு நாளாக மாடிவீட்டு தமயந்தி தயவில்
அவள் ஹாலில் படுக்கிறோம்.

கோயிலில் வழக்கமான தூணருகே நிறுத்தி
பிட்டுக்கு மண் சுமந்த கதை.
வைகை உடைத்துக்கொண்டது,
வீட்டுக்கு இத்தனை முழம் கரை என்று பங்கு போட்டான் பாண்டியன்,
கூலிக்கு வந்தவன்
உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினான்.
பிரம்படி அவன் முதுகில்,
வலி உலகத்தில் எல்லோர் முதுகிலும்.
"கப்பலில் இருந்தவர்களுக்குமா?" என்றார்
வைக்கோல் தொப்பிக்காரர்.
சிரித்தோம்.
நானும்தான்.

சாப்பாடு அழகர்கோவில் ரோட்டு ஓட்டலில்.
கோரிப்பாளையத்தில் பாலவேலை,
முக்கால் மணி நேரம் ஓர் அங்குலம் நகரவில்லை.
என்னைக் கேட்காமல் செல்லூர்ப் பக்கம் ஒடித்தார்
டிரைவர் பூமிராஜா.

பந்தல்குடி வாய்க்கால் இன்னும் நாறிக்கொண்டிருந்தது.
ஏசி பஸ்ஸுக்குள் நாற்றம் வராது.
கண்ணாடியில் வந்ததெல்லாம் நிறம்:
தெரு நெடுகக் கொடி, கொடி நெடுகச் சேலை,
பெட்ஷீட், யூனிபார்ம்,
யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தைப் பிரித்து
பக்கம் பக்கமாகக் கிளிப் மாட்டியிருந்தார்.

"இன்று என்ன திருவிழா?"

மதில்மேல் குப்புறக் கிடந்தது எங்கள் மெத்தை.
நனைந்த இலவம்பஞ்சுக்குப் பிணத்தின் கனம்,
நாலு பேர்தான் தூக்கினோம்.
படியில் ஹரிசுதன்,
ஒட்டிப்போன சமூக அறிவியலை
ஸ்கேல் விட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான்.
பஸ்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கை தூக்கப் போனான்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.
இறக்கிக்கொண்டான்.
பின் சீட்டில் யாரோ படம் பிடித்தார்கள்.

மைக்கில் சொன்னேன்,
திருவிழா இல்லை,
வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது,
அவர்கள் சாமான்களையெல்லாம்...
'அவர்கள்' என்று தொடங்கிய வாக்கியம்
'காயப்போட்டிருக்கிறோம்' என்று முடிந்துவிட்டது.

இலக்கணப் பிழை என்று நினைத்திருக்கலாம் சிலர்.
நாலாவது வரிசைப் பெண்மணி மட்டும் கேட்டார்,
"எதுவரை?"
கழுத்துக்குக் கீழே கைவைத்துக் காட்டினேன்.
உட்கார்ந்திருந்தவர்கள்
தங்கள் சீட்டின் உயரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.
அப்புறம் ஓட்டல் வந்தது.
பசி, நன்றாகச் சாப்பிட்டார்கள்.
பசிக்காமல் எப்படி இருக்கும்.

மாலையில் துறைமுக வாசலில்
மறுபடி முப்பத்தெட்டு எண்ணி விட்டேன்.
வழக்கத்தைவிடத் தடிமனான கவர்.
தொப்பிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல்
முதுகில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.
நாலாவது வரிசைப் பெண்மணி
பைக்குள்ளிருந்து திணித்தது ஒரு வெள்ளைத் துண்டு,
ஓரத்தில் கப்பலின் பேர் தைத்திருந்தது.
அவருடையது இல்லை அது,
கப்பலுடையது. திருட்டு.

அவர்களுக்குப் பின்னால் விளக்கெல்லாம் எரிய நின்றது,
பன்னிரண்டு மாடி,
தண்ணீரிலேயே குடியிருந்தும்
ஒரு மெத்தையும் நனையாத வீடு.

வந்து சேர மணி பதினொன்றரை.
தூங்காமல் இருந்தான்.
"ஏம்மா கைகாட்ட வேணாம்னுட்ட?"
துண்டைக் கொடுத்தேன்.
விரித்துப் புத்தகத்தைக் கவிழ்த்தான்,
நாலாம் பாடம் நீலமாக அதில் இறங்கியது.
கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது.
பதில் போட்டுவிட்டுச் சொன்னேன்:
"பத்தொம்பதாம் தேதி இன்னொரு கப்பல் வருது.
அன்னைக்குக் காட்டு."