பெயரடை முன்னால் வரும்

செவ்வாய்க்கிழமை, இரவு ஏழு மணி.
டங்கானனில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம்.
கோழி வாடை போகாத கைகளை
மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு
பதினோரு பேர்.
ஒன்பது பேர் திமோர்க்காரர்கள்,
ஒருவர் லிதுவேனியா,
இன்னொருவர் எதுவும் சொல்வதில்லை.

ஓர்லாவுக்கு இருபத்துநாலு வயது,
என் மூத்த மகளைவிட இரண்டு சின்னவள்.
பலகையில் எட்டுப் பெட்டி வரைந்து
இங்கிலீஷில் இருக்கும் சொல்லெல்லாம் இதற்குள் அடங்கும் என்றாள்.
நடாலினோ கை தூக்கினான்:
ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ?

பெயர்ச்சொல் எளிது.
தொட்டுக் காட்டலாம்: மேசை, கையுறை, கத்தி.
தொட முடியாததும் பெயர்தான் என்றாள் பிறகு:
பொறுமை, ஞாயிற்றுக்கிழமை, வாடகை.
வாடகையைத் தொட முடியாது என்று
இவளுக்கு யார் சொன்னது?

வினைச்சொல்லில்தான் எல்லோரும் சறுக்கினோம்.
எங்கள் தேதும் மொழியில் வினைச்சொல் அசையாது.
நேற்றும் நாளையும் பக்கத்தில் வந்து நிற்கும்,
அது பாட்டுக்கு மேயும், எருமை மாதிரி.
இங்கே நேற்று என்று சொன்னதும்
'கோ' 'வென்ட்' ஆகிவிடுகிறது.
ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை இரண்டுக்கும்.
போய்விட்டவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

கோழிக்கு வந்தோம்.
உயிரோடு இருந்தால் முன்னால் ஒரு 'எ' வேண்டும், எ சிக்கன்.
தட்டில் இருந்தால் வேண்டாம், வெறும் சிக்கன்.
எந்த இடத்தில் அந்த 'எ' உதிரும் என்று கேட்டாள் எஸால்தினா.
அவள் வேலை செய்வது
கோழிகள் தலைகீழாக வரும் சங்கிலியின் மூன்றாம் வளைவில்.
ஓர்லாவுக்கு விடை தெரியவில்லை.
எஸால்தினாவுக்குத் தெரியும்.

வியப்பிடைச்சொல்லை நான் பாடத்துக்கு முன்பே படித்துவிட்டேன்.
இறக்கை வெட்டும் பிரிவு, அதிகாலை நாலே கால்,
இடது சுண்டுவிரல், பாதி நகத்தோடு.
அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை.

விபத்துப் படிவத்தை சூப்பர்வைசரே நிரப்பிக் கொண்டுவந்தார்.
கையெழுத்து மட்டும் போடு, சுல்மிரா, என்றார்.
கட்டு போட்ட கையைக் காட்டினேன்.
எழுதுவது வலது கைதான், அவர் கவனிக்கவில்லை.
மடித்துப் பைக்குள் வைத்து
பெயரடைப் பாடத்தன்று வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

எங்களுக்கு முதலில் வீடு, பிறகுதான் பெரிசு.
முதலில் ஆள், பிறகுதான் நல்லவனா கெட்டவனா.
ஆளைப் பார்த்துவிட்டுத்தானே சொல்ல முடியும்?
இங்கிலீஷில் பெரிசு முன்னால் வந்து கதவைத் தட்டும்,
வீடு பின்னால் மூச்சு வாங்க வரும்.

படிவத்தின் ஐந்தாம் வரியில்
'கேர்லெஸ்' என்று ஒரு சொல்,
அடுத்து 'வொர்க்கர்'.
வொர்க்கர் நான், அது புரிந்தது.
எனக்கு முன்னாலேயே வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இது யார்?

ஓர்லா வாலைத் தனியாக அறுத்துக் காட்டினாள்.
'லெஸ்' என்றால் இல்லாத.
சர்க்கரை இல்லாத, முடிவு இல்லாத, வீடு இல்லாத.
'கேர்' என்றால் கவனம்.
அக்கறை என்றும் சொல்லலாம் என்றாள், மெதுவாக.

அக்கறை இல்லாதவள்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு இறக்கை.
ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும்
கையுறையைக் கழற்றி விரல்களை எண்ணுகிறவள்.

பெயரடையை எடுத்துவிட்டால் வாக்கியம் விழுந்துவிடுமா?
விழாது என்றாள். பெயரும் வினையும் போதும், நிற்கும்.

நீலப் பேனாவால் ஒரே கோடு.
மேலே கொஞ்சம் இடம் இருந்தது.
அறுத்த வாலை வீணாக்குவானேன்,
'கார்ட்' தெரியும், கத்திக்கு மேல் இருக்க வேண்டிய தடுப்புத் தகடு,
கிறிஸ்துமஸுக்கு முன்பே கழன்று போனது.
இரண்டையும் சேர்த்து எழுதினேன்:
கார்ட்லெஸ் மெஷின்.

அப்படி ஒரு சொல் வழக்கத்தில் இல்லையே என்றாள் ஓர்லா.
தகடும்தான் இல்லை என்றேன்.
எதுவும் சொல்லாத அந்த ஆள்
முதல் தடவையாகச் சிரித்தார்.

இணைப்புச்சொல் அடுத்த வாரமாம்.
'பட்' என்று ஒன்று இருக்கிறதாம் அதில்.
அதை மட்டும் இன்றைக்கே சொல்லிக்கொடு என்றேன்.
எனக்கு நாளை காலை நாலு மணி ஷிப்டு.