கடைசிப் பேருந்து ஒன்பது ஐந்துக்கு

அயோவாவில்
இறைச்சி ஆலைக்கும் மக்காச்சோள வயலுக்கும் நடுவே
எங்கள் சமுதாயக் கல்லூரி.
முகப்பில் தூண்கள் இல்லை.
பெரிய வாகன நிறுத்தம் உண்டு, குளிர்காலத்தில் பாதி பனி.
பதிவு அலுவலகத்தில் மூன்றாவது மேசை என்னுடையது.
சேர்ந்தவர்களை எண்ணுவது முதல் இரண்டு மேசைகள்.
விட்டுப் போனவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது நான்.

படிப்பு கசந்தது என்று
பதினாறு வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

டுவேன் ஹொலுபெக் சொன்னார்:
காரில் கியர்ப்பெட்டி போய்விட்டது.
இட்ஸெல் பரியாஸ் சொன்னாள்:
ஆலையில் என் ஷிஃப்டை மாற்றினார்கள்,
உயிரியல் வகுப்பு மாறவில்லை.
ஒருவன் பெயர் சொல்லவில்லை.
பின்னால் குழந்தை அழுதது,
“அப்புறம்” என்றான்,
அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நியாருவோட் கட்லுவாக்.
பகலில் பன்றித் தோள் வெட்டும் வரிசை,
மாலையில் நுரையீரல்.
சுவாச சிகிச்சைப் படிப்பில் ஐந்து பருவம் கடந்தவள்
ஆறாவதற்குப் பதிய வந்த அன்று
என் திரை சிவந்தது:
தொலைந்த நூலகப் புத்தகம், பாக்கி நாற்பத்து மூன்று டாலர்.
யானை நுழைந்துவிட்டது.
வாலைப் பிடித்துக்கொண்டது கதவு.

கதவு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.
பொத்தானை அழுத்தியது என் சுட்டுவிரல்.
“விதி” என்றேன்.
அவள் தலையாட்டினாள்,
ஆலையில் மேற்பார்வையாளருக்கு ஆட்டும் அதே தலை.

புதிதாக வந்த துணைத்தலைவர் கூட்டம் போட்டார்.
சுவரில் ‘மாணவர் வெற்றி’ என்று ஆள் உயர எழுத்து,
கீழே ஓர் ஏணி,
ஏணியில் முகமில்லாத குச்சி மனிதன்.
நான் இரண்டு டோனட் தின்றேன்.

கணக்கு நடத்தும் புரூடன்ஸ் ஆல்டாக் மட்டும்
வருகைப் பதிவேட்டை மடியில் வைத்திருந்தார்.
“எட்டு ஐம்பதுக்கு எழுந்து போகிறார்கள்.
என் பாடம்தான் சலிக்கிறது என்று
மூன்று வருடம் நம்பினேன்.
போன வியாழன் பின்னாலேயே போனேன்.
பனியில் வரிசையாக நிற்கிறார்கள்.
வகுப்பு முடிவது ஒன்பது இருபது.
கடைசிப் பேருந்து ஒன்பது ஐந்து.”

யாரும் பேசவில்லை.
ஏணி மட்டும் சுவரில் வெளிச்சமாய் நின்றது.

நகரத்துக்கு எழுதினோம். நகரவில்லை.
ஆலை ஆறு மணிக்குத்தான் விடும், தொடக்கத்தைத் தொட முடியாது.
இடைவேளையை எடுத்தோம்.
வகுப்பிலேயே சாப்பிடலாம் என்றானது.
யாரோ ஒருத்தியின் தமாலே ஆவியில்
இருபடிச் சமன்பாடு.
எட்டு ஐம்பத்தைந்துக்கு மணி.
இதற்குப் பெயர் சீர்திருத்தமா தெரியாது,
நாற்காலிகள் நிறைந்தன.

நாற்பத்து மூன்று டாலருக்குத்தான் நாள் பிடித்தது:
மூன்று குழு, ஏழு மாதம்.
நூறுக்குக் கீழான பாக்கி
இனி யாருடைய பதிவையும் தடுக்காது.
கையெழுத்தான மை காயுமுன் அவளைக் கூப்பிட்டேன்.
எண் செத்திருந்தது.
ஆலையில் இருக்கும் சித்தி மகன் வழியாக
வேறோர் எண், அதில் ரம்ப ஓசை, அதற்குள் அவள்.
மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கேட்டாள்:
“வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?”

எங்கள் அட்டவணையில்
சேர்ந்த தேதிக்கு ஒரு பத்தி, விலகிய தேதிக்கு ஒரு பத்தி.
அதற்குப் பிறகு மனிதர்கள்
எங்கே போய் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதற்கு
இடமே விட்டிருக்கவில்லை.
ஓரத்தில் ஒன்றை நானே சேர்த்தேன்,
அனுமதி கேட்கவில்லை.
நியாருவோட்டுக்கு எதிரே இப்போது:
மாவட்ட மருத்துவமனை, இரவுப் பணி, இரண்டாம் தளம்.

டுவேன் ஹொலுபெக்குக்கு எதிரே:
கியர்ப்பெட்டி.
ஆயிரத்து நானூறு டாலர் ஆகுமாம்,
அதற்கு எங்களிடம் விதியும் இல்லை, நிதியும் இல்லை.
ஆல்டாக் வீடு அவர் போகும் வழியில்தான்,
இருக்கை காலி என்கிறார்.
மணி நாலு பத்து.
கூப்பிடுகிறேன், அடிக்கிறது,
அடிக்கிறது.