பதினேழாம் தொட்டி

ஓமானின் சுவைக் ஊரில் கிணறு கரிக்கத் தொடங்கிப்
பதினோரு வருடமாம். கல்ஃபான் சொன்னார்,
தலை கவிழ்ந்த பேரீச்சையைக் காட்டி.

அவர் கிணற்று நீரையே ஊற்றுகிறோம்
நிழல்வலைக்குள் நாற்பது பார்லித் தொட்டிகளுக்கு.
என் வேலை இலை நறுக்குவது,
திரவ நைட்ரஜனில் போடுவது, எண் எழுதுவது.
இருபதாம் நாள் எல்லாம் நுனி கருகின,
பதினேழைத் தவிர.

புது மரபணு என்று நினைத்தேன்.
இல்லை என்றார் ஷம்ஸா, திரையைத் திருப்பி:
கருகியதிலும் இதேதான், ஓரெழுத்து மாறாமல்.
முன்னே நிற்கும் சுவிட்சில்தான் ஒரு சின்னப் பிசகு.
மற்றவை இலை எரிந்த பிறகு விழித்தன.
இது, வேரில் உப்பு தொட்ட அன்றிரவே
கதவடைத்தது;
நுழைந்துவிட்டதைச் செல்லின் பின்னறையில் போட்டுப் பூட்டியது.

அதனால் குட்டைதான். கதிரும் ஒல்லி.
விழித்திருக்கச் செலவு உண்டு.

மாலையில் கல்ஃபான் வந்தார்.
விளக்க என் அரபி போதவில்லை.
"சீக்கிரம் பயந்த செடி" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வாளியில் விரல் நனைத்து
நாக்கில் வைத்துக்கொண்டார்.
"நானும் பயந்திருக்கலாம்," என்றார்,
"இரண்டாவது மோட்டார் வாங்கிய வருடம்."