தோல்

சித்திரை கடைசி வெள்ளி.
ரசீது சோற்றைத் தொடவில்லை.
நாக்கை வெளியே போட்டு
பாத்ரூம் வாசலில்
சிமெண்டோடு சிமெண்டாகக் கிடந்தது.
ரேஷன் கடையில் ரசீதுக்கு நின்ற அன்று
கோணிக்குள் சுருண்டிருந்த குட்டி.
பேர் அப்படி வந்ததுதான்.

விசாரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ.
நாய்க்கும் ஒரு சீட்டுக் காசு கேட்டான்.
கொடுத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரி வேப்பமர நிழலில்
நாலு ஆடு, ஒரு எருமை, நாங்கள்.
டாக்டரம்மா அதன் பிடரித் தோலைக்
கிள்ளித் தூக்கி விட்டார்.
தோல் உடனே இறங்கவில்லை.
கூடாரம் மாதிரி நின்று,
யோசித்து,
பிறகு படுத்தது.

"பாத்தியா, உடம்புல தண்ணி இல்ல.
ஈறைத் தொடு, ஒட்டுதா?
ரெண்டு எடத்துல சட்டி வை, நிழல்ல.
எவர்சில்வர் வேணாம், கொதிச்சிடும்.
தார் ரோட்டுல செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாரு.
உனக்குத் தாங்கலன்னா
அதுக்கும் தாங்காது."
முதுகுத் தோலுக்கடியில் ஊசி குத்தி
அரை பாட்டில் ஏற்றினார்.
ரசீதின் முதுகில்
ஒரு கொழுக்கட்டை எழுந்தது.

தோல் எனக்குத் தெரியும்.
பதினொரு வருஷமாக ஷூ கம்பெனியில்
மேல்பாகம் தைக்கிறேன்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்
இது ஆடு, இது கன்று,
இது வயிற்றுப் பக்கம், இழுத்தால் கொடுக்கும்,
இது உண்ணி கடித்த இடம், தள்ளி வை.
ஆனால்
கிள்ளினால் தன் இடத்துக்குத் திரும்பிப் போகிற தோல்
என் மேஜைக்கு வந்ததே இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில்
சும்மா, கை வேலையாக,
என் புறங்கையைக் கிள்ளினேன்.
நின்றது.
வேகத்தடை ஒன்று தாண்டியும்
நின்றுகொண்டுதான் இருந்தது.

ஏன் என்று தெரியாமல் இல்லை.
ஏழரைக்கு வேன்.
அதற்கு முன் அரை டம்ளர் காபி.
லைனில் முப்பத்திரண்டு பெண்கள்,
கக்கூஸ் போக மர டோக்கன் இரண்டு.
கேட்கப் போனால் சூப்பர்வைசர்
கடிகாரத்தைப் பார்ப்பார்,
நம்மைப் பார்க்க மாட்டார்.
அதனால் குடிப்பதில்லை.
போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது,
ரசீதே முகர்ந்துவிட்டுத் திரும்பும்.
கேன் முப்பத்தைந்து ரூபாய்.
அதில் ஒரு பாட்டில் நிரப்பி எடுத்துப் போய்
நிரம்பியபடியே கொண்டு வருவேன்,
வெந்நீராக.
அதைத்தான் இத்தனை நாள்
அதன் சட்டியில் ஊற்றியது.

சனிக்கிழமை சாப்பாட்டு மணியில்
ஹபீபாவின் கையைக் கிள்ளினேன்.
"ஏண்டி, பைத்தியமா?"
நின்றது.
எஸ்தருக்கு நின்றது.
குப்பம்மா தானே கிள்ளிப் பார்த்து
வயசாயிடுச்சு அதான் என்று
முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.
போன மாதம் சேர்ந்த யோகலட்சுமிக்கு மட்டும்
சட்டென்று இறங்கியது.
இன்னும் டோக்கன் கணக்கு
அவளுக்குப் பழகவில்லை.
எல்லோரும்
அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பேச்சில்லை.
பாட்டில் மூடிகள் திறக்கிற சத்தம்.
பசை வாசனைக்கு நடுவே
தண்ணீருக்கு ஒரு வாசனை இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டரைக்குப் பதினேழு பேர்
டோக்கனுக்கு நின்றோம்.
வரிசை வெட்டுப் பிரிவைத் தாண்டிப் போனது.
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு எங்களை.
"என்னம்மா, எல்லாரும் ஒண்ணா?"
"வெயில் சார்" என்றாள் ஹபீபா.
திங்கட்கிழமை பேசலாம் என்றார்.
டோக்கன் இன்னும் இரண்டுதான்.

வீட்டில் மண்சட்டி இரண்டு வைத்தேன்,
ஒன்று கட்டிலுக்கடியில், ஒன்று தொட்டி ஓரம்.
என் சொம்பை அதன் பக்கத்தில் வைத்தேன்.
ரசீது ஒரு வாய் குடித்துவிட்டு
மோவாய் சொட்ட என்னைப் பார்த்தது.
சரி என்று நானும் குடித்தேன்.
திரும்பக் குனிந்தது.

ராத்திரி கரண்ட் இல்லை.
மூன்று தடவை எழுந்து
பின்கட்டுக்குப் போனேன்.
மூன்று தடவையும்
கொட்டாவி விட்டபடி
கூடவே வந்து
வேலியோரம் அதுவும் காலைத் தூக்கியது.