லைனில் இரு

இருபதாம் தேதி. மணி பதினொன்று பத்து.
லீ பஜார் மாடியறையில்
தங்கவேல் பருப்பு மண்டியின் மாதக் கணக்கு
அரை வரியில் நிற்கிறது.

பேனா தேடிப் போனேன்.
பேனா டப்பாவில் ஒரு பழைய சாவி.
எதனுடைய சாவி என்று பீரோவைத் திறந்தேன்.
பீரோவில் எட்டு வருடத்துக்கு முந்தைய கரண்ட் பில்.
அந்த மார்ச்சில் ஏன் அவ்வளவு யூனிட்
என்று நின்றபடி துப்பறிந்துகொண்டிருந்தேன்.
பேனா என் காதில் இருந்தது.

நாற்பத்தொன்றாம் வயதில்தான் இதற்குப் பெயர் கிடைத்தது.
நான்கு ரோட்டு டாக்டர்
ஆங்கில எழுத்து நான்கைச் சொன்னார்.
அதுவரை வீட்டில் வேறு பெயர்கள்.
கூறுகெட்டவள். காற்றாடி.
‘சொன்னா காதுல விழுதா இல்லையா?’

விழுந்தது. எல்லாமே விழுந்தது. அதுதான் சங்கதி.
தட்டுவடை செட்டுக்குக் கேரட் துருவும் சத்தம்,
எதிர்க்கடைத் தராசின் டணக்,
நாலாவது வீட்டுக் குக்கரின் இரண்டாம் விசில்,
நடுவே என் பெயரும்.
எது முதலில் என்று
யாரும் வரிசை எண் போட்டுத் தரவில்லை.

மாத்திரை உண்டு, காலையில் ஒன்று.
அது நாற்காலியை இழுத்துப் போடும்.
உட்கார வேண்டியது நான்.

அப்புறம் ஜெசிந்தா.
ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்கு மேலே,
காப்பித் தோட்டத்து ஆபீஸில் கூலிக் கணக்கு எழுதுகிறாள்.
அவளுக்கு நான்கெழுத்து ஏதும் இல்லை.
தனியாக எழுதினால் தூக்கம் வரும், அவ்வளவே.
பதினொன்றரைக்குக் கூப்பிடுவேன்.

‘என்ன செய்யப்போற?’
‘பருப்பு மண்டி. நீ?’
‘மிளகு பறிச்ச ஆளுங்க சம்பளம்.’
‘சரி. லைன்ல இரு.’

பிறகு பேச்சு இல்லை.
ஸ்பீக்கரில் அவள் கால்குலேட்டர், ஓர் இருமல்,
பேரேட்டின் தாள் புரளும் ஓசை.
கூரைத் தகரத்தில் ஏதோ தொம்மென்று குதிக்கும்.
குரங்கு என்று ஒருமுறை சொல்லிவிட்டாள்.
அன்றைக்கு முக்கால் மணி நேரம் போயிற்று.
இப்போதெல்லாம் சொல்வதில்லை.

யாரோ ஒருத்தி எங்கோ வேலை செய்வது
என் கையை ஏன் நகர்த்துகிறது?
டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார்.
பாதியில் அவர் மேசைக் கண்ணாடிக் குண்டுக்குள்
ஒரு ஊதாப்பூவைப் பார்த்துவிட்டேன்.
அதனால் தெரியாது.

இன்று பன்னிரண்டு மணிக்கு அங்கே மழை.
இங்கே சாலையில் தார் இளகுகிறது.
செல்போனுக்குள் பெய்த மழை
பில்களின் மேல் பெய்துகொண்டிருந்தது.
தோல் உளுந்து. உடைத்த உளுந்து. துவரை.
எண், தொகை, டிக்.
மொச்சை. எண், தொகை, டிக்.
ஒரு பில்லில் பூச்சி செத்து ஒட்டியிருந்தது.
என்ன பூச்சி என்று நான் கேட்கவில்லை.
அதன் இறக்கைக்கு அடியிலிருந்த ஏழை மட்டும்
எடுத்துக்கொண்டு போனேன்.

‘ஜெசி, கடைசி பில்’ என்று நிமிர்ந்தால்
திரை கறுப்பாகக் கிடந்தது.
பன்னிரண்டு ஒன்பதுக்கே அழைப்பு அறுந்திருந்தது.
இப்போது ஒன்று ஐந்து.

ஐம்பத்தாறு நிமிடம்.
யாரும் இல்லாமல்.

அப்படியானால் இவ்வளவு நேரம் கேட்ட மழை?
ஜன்னலுக்குப் போனேன்.
லீ பஜார் நனைந்துகொண்டிருந்தது.
மலையிலிருந்து எப்போது இறங்கியதோ,
எந்தப் பில்லில் அந்த மழை முடிந்து
இந்த மழை தொடங்கியதோ.
மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுக்கிறார்கள் இரண்டு பேர்,
ஆளுக்கொரு பக்கம், எதிரெதிராக.
ஒரு லாரி டிரைவர் தலையில்
காலி கோணியைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிறார்.
வடிகாலில் ஒற்றைச் செருப்பு கிழக்கே போகிறது.

போன் அடித்தது.
‘டவர் போயிடுச்சு. என்ன பண்ற?’
‘மழை பாக்கறேன்.’
‘முடிச்சிட்டியா?’
‘முடிச்சிட்டேன்.’
‘பட்டனை அழுத்தினியா?’

இரண்டு பக்கமும் மழை மட்டும்.

‘போய் அழுத்து. நான் லைன்ல இருக்கேன்.’

ஓடிபி வந்தது. ஆறு இலக்கம்.
மூன்றை அடித்தபோது
ஓர் இடி.