அடிப்பாரம்

பாசில் ஹிம்மல்மன் டயர் கடையின் பின்கதவில்
வாளி ஒன்று இருபது டாலர்.
வெர்லி அதைத் தூக்குவதில்லை,
பிள்ளைகள் பனியில் சறுக்கும் பலகையில் வைத்து இழுப்பாள்.
ஐம்பது கிலோ.
ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு சக்கரத்தின் விளிம்பில் அறையப்பட்டு
ஸ்டியரிங் நடுங்காமல் பார்த்துக்கொண்டது.
பதினைந்து கிராம், முப்பது கிராம்.
பள்ளிப் பேருந்து, மீன் லாரி, பிணவண்டி:
எது யாருடையதென்று எதிலும் எழுதியிருக்காது.
கூடவே சிகரெட் துண்டுகள், வால்வு மூடிகள்,
யாரோ மென்று மென்று வெறுத்துப்போன சூயிங்கம்.

தரம் பிரிப்பது கொட்டகையில்தான்.
சமையல் மேசைக்கு ஈயம் வரக்கூடாது,
அது அவளே போட்ட சட்டம்.
கம்பிவெட்டியால் கடித்துப் பார்ப்பாள்.
ஈயமென்றால் மெழுகில் நகம்போல் பல் பதியும்.
துத்தநாகம் பல்லைத் திருப்பி அனுப்பும்.
இரும்பு காந்தத்தோடு ஓடிப்போகும்.
சிமென்ட் தரையில் போட்டாலும் தெரியும்:
ஈயம் தொப்பென்று விழுந்து சும்மா கிடக்கும்,
துத்தநாகம் கணீரென்று
தன் பெயரைச் சொல்லும்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இந்த வாளியிலும் பித்தளை உண்டு, வால்வுக் கழுத்துகள்.
இளிக்கட்டும்.
பழைய இரும்புக் கடையில் அதற்குத்தான் விலை அதிகம்.

எல்ராய் காஸ் அடுப்பை வெளியே வைப்பான்.
காற்று முதுகில் படும்படி நிற்பான்.
ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனால் போதும்,
சட்டி முழுதும் முகத்துக்கு வரும்.
முதலில் கிரீஸ் கருகும், பிறகு பெயிண்ட், பிறகு அந்தச் சூயிங்கம்.
பிறகு கிளிப்புகள் மேலெழும்.
இரும்பு மிதக்கும் குளம் வேறெங்கும் பார்த்ததில்லை.
அள்ளி எறிந்துவிட்டு
மரத்தூளும் மெழுகுவர்த்தித் துண்டும் போட்டுக் கிளறினால்
குப்பென்று பற்றி எரிந்து
அழுக்கு சாம்பலாகி ஒதுங்கும்.
அடியில் கண்ணாடி.
அதில் எல்ராயின் தாடி தலைகீழாக.

மஃபின் தட்டில் ஊற்றுவார்கள்.
இனி அதில் யாரும் எதுவும் சுட்டுத் தின்னாதபடி
சிவப்புப் பெயிண்டில் ஒரு மண்டையோடு.
படகின் அடியில் பூட்டும் பாரத்துக்கு
முந்நூற்று நாற்பது கிலோ வேண்டும்.
பாதிதான் ஆகியிருந்தது.

நவம்பர், மூன்றாம் சனிக்கிழமை.
ஐந்து மணிக்கே கடல் கண்ணுக்குத் தெரியவில்லை.
வெர்லி தேநீர் போட உள்ளே போன நேரம்
எல்ராய் காஸை முழுதாகத் திறந்தான்,
பிரிக்காத வாளியை அப்படியே சாய்த்தான்.
எல்லாம் ஒன்றுதானே.

சட்டி கஞ்சியானது.
கரண்டியைத் தூக்கினால் திட்டுத்திட்டாகத் தொங்கியது.

அவள் வந்து பார்த்தாள்.
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றுவதற்கு
பத்தொன்பது வருடச் சொற்கள் இருந்தன அவளிடம்,
கடித்துப் பார்த்து, தரம் பிரித்து, அடுக்கி வைத்தவை.
தேநீரைச் சுவரோரம் வைத்தாள்.
அடுப்பை அணைக்க மறந்திருந்தான், அணைத்தாள்.
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்,
தேவைக்கு மேல் வெகுநேரம்.

மறுநாள் அதை மறுபடி உருக்கி
வேறு வழியில்லாமல் தட்டில் வழித்தான்.
இருபத்திரண்டு கட்டிகள், அம்மைத் தழும்போடு.
ஒவ்வொன்றிலும் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

திங்களன்று அவனே போய்
பாசிலிடம் இருபது டாலர் கொடுத்தான்.
பாசில் காரணம் கேட்கவில்லை.
அன்றிரவு வெர்லி படுக்கையிலிருந்து கேட்டாள்:
கொட்டகையில் கம்பிவெட்டியின் கடி,
கொஞ்சம் அமைதி, மறுபடி கடி.
ஒரே ஒருமுறை
கணீர்.

டிசம்பரில் வடகிழக்கிலிருந்து புயல்.
நல்ல ஈயம் கொட்டகைக்குள் பத்திரமாக,
சாம்பல் நிறத்தில், ஒரு வேலையும் இல்லாமல்.
வெளியே படகைப் போர்த்திய தார்ப்பாயின் விளிம்பில்
பெருக்கல் குறி போட்ட இருபத்திரண்டும்.

விடிந்தபோது பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு
சாலையில் கிடந்தது.
தார்ப்பாய் அசையவில்லை.
ஒரு கட்டி மட்டும் ஒரு சாண் நகர்ந்திருந்தது.
பூட்ஸ் காலால் வெர்லி அதைத்
திரும்பத் தள்ளி வைத்தாள்.